வேர்முடிச்சும் மண்ணின் நுண்ணுயிர்க் கூட்டமும்

உளுந்து விதைக்குமுன் ரைசோபியம் பாக்கெட்டைப் பிரித்து ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து, விதையோடு புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைப்பது தமிழ்நாட்டு உழவர்கள் நன்கறிந்த முறை. எக்டருக்கு 200 கிராம் பாக்கெட் மூன்று என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஆனால் பலன் எல்லா வயலிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு வயலில் வேர் முழுக்க முடிச்சு கட்டுகிறது. அதே பாக்கெட்டும் அதே விதையும் போன பக்கத்து ஊர் வயலில், நேர்த்தி செய்த விதைக்கும் செய்யாத விதைக்கும் வித்தியாசமே தெரிவதில்லை. சரக்கு சரியில்லை என்பார் உழவர். கலந்த முறை சரியில்லை என்பார் விற்றவர். சில இடங்களில் இந்தக் காரணங்கள் உண்மைதான். இவற்றைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு: அந்த மண்ணில் முன்பே குடியிருக்கும் நுண்ணுயிர்கள்.

வேர்முடிச்சு என்றால் செடியும் ரைசோபியமும் தமக்குள் செய்துகொண்ட கொடுக்கல் வாங்கல் என்றுதான் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். செடி சர்க்கரை தருகிறது, பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துத் தருகிறது. இதில் பிழையில்லை, ஆனால் இது பாதிக் கதை. முடிச்சு உருவாகுமா, எந்த பாக்டீரியா அதற்குள் நுழையும், நுழைந்தது உழைக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்வதில் வேரைச் சுற்றியுள்ள மற்ற நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு. அந்தப் பங்கைப் பற்றி இதுவரை தெரியவந்தவற்றைத் தொகுத்து, நம் பயறு சாகுபடிக்கு அவற்றால் என்ன பயன் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண் சாற்றில் தொடங்கிய அறிவு

ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இருவர் சத்தற்ற மணலில் பட்டாணியையும் ஓட்ஸையும் வளர்த்துப் பார்த்தார்கள். தழைச்சத்து இல்லாமல் இரண்டுமே நலிந்தன. வயல் மண்ணை நீரில் கரைத்து எடுத்த சாற்றைக் கொஞ்சம் ஊற்றியதும் பட்டாணி மட்டும் தழைத்தது, வேரில் முடிச்சு கட்டியது. சூடாக்கி உயிர் நீக்கிய சாறு அந்த வேலையைச் செய்யவில்லை. மண்ணிலுள்ள ஏதோ உயிர்தான் காரணம் என்பது இப்படித் தெளிவாயிற்று. 1886இல் பெர்லினில் இந்த முடிவை அறிவித்தார்கள்.

1888இல் டச்சு நுண்ணுயிரியலாளர் பையரிங்க் முடிச்சுக்குள்ளிருந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். அடுத்த ஆண்டு தாவரவியலாளர் ஃபிராங்க் அதற்கு ரைசோபியம் என்று பெயரிட்டார். 1896இல் நோபே, ஹில்ட்னர் இருவரும் அதை வளர்த்து விற்கக் காப்புரிமை பெற்றார்கள். ‘நைட்ரஜின்’ என்ற அந்தச் சரக்குதான் இன்று கடையில் வாங்கும் உயிர் உரத்துக்கெல்லாம் முன்னோடி. இந்தியாவில் 1920இல் என். வி. ஜோஷி பயறுவகைப் பயிர்களிலிருந்து ரைசோபியத்தைப் பிரித்தெடுத்தார்.

மண் சாற்றில் இருந்தது ஆயிரக்கணக்கான உயிர்வகைகளின் கூட்டம். அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தது பெரிய வெற்றி. அந்த வெற்றிக்குப் பிறகு மற்றவற்றை நெடுங்காலம் யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. தனி பாக்டீரியாவை விற்கத் தொடங்கிய அதே ஹில்ட்னர்தான், வேரை ஒட்டிய மண்ணில் நுண்ணுயிர்கள் தனித்தன்மையோடு திரள்வதைக் கண்டு, 1904இல் அந்தப் பகுதியை ‘வேர்மண்டலம்’ என்று பெயரிட்டு அழைத்தார். பயறுவகைப் பயிர்களை ஆராயும்போதுதான் இந்தக் கருத்தும் பிறந்தது.

முடிச்சு உருவாகும் படிகள்

தழைச்சத்து போதாத நிலையில் பயறுச்செடியின் வேர் ஃபிளேவனாய்டு என்னும் பொருள்களைக் கசிகிறது. பொருத்தமான ரைசோபியம் அதை உணர்ந்து ‘நாட் காரணி’ என்ற பதில் சமிக்ஞையைச் சுரக்கிறது. இந்தப் பொருளின் வேதி அமைப்பு 1990இல்தான் தெரியவந்தது. சமிக்ஞை கிடைத்ததும் வேர்த்தூவி வளைந்து பாக்டீரியாவைச் சுற்றிக்கொள்கிறது. உள்ளே ஒரு மெல்லிய குழாய் உருவாகி அதை வேரின் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே செல்கள் பிரிந்து முடிச்சாகின்றன. நிலக்கடலையில் வழி வேறு. பக்கவேர் வெளிவரும் இடத்தில் ஏற்படும் இடுக்கு வழியாக பாக்டீரியா நுழைகிறது. கடலைச் செடியில் முடிச்சுகள் பக்கவேர்க் கக்கங்களில் வரிசையாக அமைவது இதனால்தான்.

முடிச்சுக்குள் நடப்பது மிகுந்த செலவுள்ள வேலை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக மாற்ற செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகள் 16 வேண்டும். அந்தச் செலவு முழுவதும் செடி இலையில் தயாரித்த உணவிலிருந்து வருகிறது. வேலையைச் செய்யும் நைட்ரோஜினேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும், ஆனால் பாக்டீரியா சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். இந்த முரணைத் தீர்ப்பது லெக்ஹீமோகுளோபின். நம் இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான இந்தப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு அளந்து தருகிறது. உழைக்கும் முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது இதன் நிறமே.

ஒவ்வொரு படியிலும் மூன்றாம் உயிர் தலையிட இடமிருக்கிறது. வேரை அடையுமுன் ரைசோபியத்தை வேறொன்று தின்னலாம். சமிக்ஞைப் பொருளைச் சிதைக்கலாம் அல்லது கூட்டலாம். வேர்த்தூவிகளின் எண்ணிக்கையை மாற்றலாம். முடிச்சுக்கு வேண்டிய மணிச்சத்தையும் இரும்பையும் தேடித் தரலாம். ஆய்வுகள் இவை அனைத்தையும் கண்டிருக்கின்றன.

துணை நிற்பவை

துணைகளில் முதலாவது வேர் உட்பூசணமான மைக்கோரைசா. இது வேருக்குள் குடியேறி, தன் இழைகளை வேர் எட்டாத மண்ணுக்கும் நீட்டி மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. ஏடிபி செய்ய மணிச்சத்து வேண்டும் என்பதால் முடிச்சுள்ள செடிக்கு அதன் தேவை மற்றப் பயிர்களைவிட அதிகம். மணிச்சத்து குறைந்த மண்ணில் பூசணம் இல்லாமல் ரைசோபியம் மட்டும் வந்து பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது.

இந்த உறவின் வேர் மிகவும் பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுக்கும் பழமையான தாவரப் புதைபடிவங்களில் இவ்வகைப் பூசணத்தின் தடயம் உள்ளது. வேர்முடிச்சு அதற்கு மிகவும் பிந்தியது. பூசணத்தை வரவேற்கச் செடி வைத்திருந்த மரபணு ஏற்பாட்டையே பிற்காலத்தில் பயறுவகைகள் ரைசோபியத்துக்கும் பயன்படுத்திக்கொண்டன. இரண்டுக்கும் பொதுவான மரபணுக்களில் ஒன்று பழுதானால் இரண்டு உறவுமே கெடுகின்றன என்று 2002 முதல் வந்த ஆய்வுகள் காட்டின.

அடுத்தவை வேர்மண்டல பாக்டீரியாக்கள். அசோஸ்பைரில்லம் வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து வேரின் கிளைகளையும் தூவிகளையும் பெருக்குகிறது. தூவி பெருகினால் ரைசோபியம் நுழையும் வாசல்களும் பெருகும். பாஸ்போபாக்டீரியா மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைக்கிறது. சூடோமோனாஸ் வகைகள் சில, எத்திலீன் உருவாவதற்கு முந்தைய பொருளைச் சிதைக்கின்றன. எத்திலீன் மிகுந்தால் முடிச்சு குறையும் என்பதால், வறட்சியிலும் உவரிலும் தவிக்கும் செடிக்கு இது பெரிய உதவி. பட்டாணியில் ஸ்ட்ரெப்டோமைசஸ் வகை ஒன்று முடிச்சின் எண்ணிக்கையையே கூட்டியது. நூற்புழுக்கள் எல்லாமே பகை என்றும் சொல்ல முடியாது. வேர் வெளியிடும் வாசனையால் ஈர்க்கப்பட்ட ஒரு நூற்புழு ரைசோபியத்தைத் தன்னோடு சுமந்துபோய் வேரில் சேர்த்ததை 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

முடிச்சுக்குள்ளும் ரைசோபியம் தனியாக இல்லை. பேசில்லஸ், சூடோமோனாஸ், எண்டரோபாக்டர் போன்றவை பல பயிர்களின் முடிச்சுகளில் உடன் வசிக்கின்றன. தனித்து விட்டால் இவற்றில் பெரும்பாலானவை முடிச்சை உண்டாக்க மாட்டா, ஆனால் ரைசோபியத்தோடு சேரும்போது பல சோதனைகளில் செடியின் வளர்ச்சி கூடியிருக்கிறது. ரைசோபியம் குடும்பம் மட்டுமே முடிச்சு உண்டாக்கும் என்ற நம்பிக்கையும் 2001இல் தகர்ந்தது. தொட்டாற்சிணுங்கியின் முடிச்சிலிருந்து அதற்கு முற்றிலும் வேறான பாக்டீரியா இனம் பிரித்தெடுக்கப்பட்டது.

முடிச்சும் தன் பங்குக்கு மண்ணை மாற்றுகிறது. லோட்டஸ் என்னும் பயறுக் குடும்பச் செடியில் முடிச்சு உண்டாக்கும் திறனை இழந்த சடுதிமாற்ற வகைகளை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், அவற்றின் வேரில் திரண்ட நுண்ணுயிர்க் கூட்டமே வேறாக இருந்தது. நைட்ரோஜினேஸ் வேலை செய்யும்போது ஹைட்ரஜன் வாயுவும் வெளியாகிறது. அதை உணவாக்கிக்கொள்ளும் பாக்டீரியாக்கள் முடிச்சைச் சுற்றிப் பெருகுகின்றன, அவற்றில் சில பயிர் வளர்ச்சியைத் தூண்டுகின்றன. பயறுக்குப் பின் போட்ட தானியம் செழிப்பதற்குத் தழைச்சத்தோடு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

போட்டியும் பகையும்

உயிர் உரத்தின் வெற்றி தோல்வியை நேராகத் தீர்மானிப்பது உள்ளூர் ரைசோபியத்தின் போட்டி. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் சோயா மொச்சைக்குத் தேர்ந்த வகைகளை எவ்வளவு இட்டாலும், பெரும்பாலான முடிச்சுகளை ‘123’ என்ற உள்ளூர் ரைசோபியத் தொகுதியே பிடித்துக்கொண்டது. இதற்குக் காரணம் எளிது. விதையில் ஒட்டிய பாக்டீரியா விதையைச் சுற்றியே நிற்கிறது. வேர் கீழே இறங்கும்போது புதிய வேர்த்தூவிகளைச் சந்திப்பது மண்ணெங்கும் பரவியிருக்கும் உள்ளூர் வகை. முதலில் வந்த முடிச்சுகள் போதுமான அளவு ஆனதும் செடியே மேலும் முடிச்சு வராமல் தடுத்துக்கொள்கிறது. எனவே முந்தியவருக்கே இடம்.

ஹவாய்த் தீவுகளில் பல இடங்களில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 1991இல் வெளியிட்ட முடிவு இதை எண்ணிக்கையில் சொன்னது. கிராம் மண்ணுக்குச் சில பத்து உள்ளூர் ரைசோபியம் இருந்தாலே, வெளியிலிருந்து இடுவதற்குப் பலன் மிகவும் குறைந்துபோகிறது. பாக்கெட்டை வாங்குமுன் மண்ணில் இருப்பதை அறிய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

போட்டியைத் தாண்டிப் பகையும் உண்டு. ரைசோபியத்தைத் தின்னும் புரோட்டோசோவா, அதைத் தாக்கும் வைரஸ், அதற்குள் புகுந்து அழிக்கும் டெல்லோவிப்ரியோ பாக்டீரியா மூன்றும் மண்ணில் உள்ளன. ரைசோபிய வகைகளே ஒன்றையொன்று கொல்லும் நஞ்சுகளைச் சுரக்கின்றன. ஒரே நுண்ணுயிர் ஒருவருக்குத் துணையாகவும் இன்னொருவருக்குப் பகையாகவும் இருக்கலாம். சீனாவின் உவர்மண்ணில் சோயாவை ஆராய்ந்தவர்கள், பேசில்லஸ் சீரியஸ் ஒரு ரைசோபிய இனத்தைப் பெருக்கி, அதற்குப் போட்டியாக முடிச்சு கட்டும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியாவை ஒடுக்குவதைக் கண்டார்கள். ஆகவே ‘நல்ல நுண்ணுயிர்’ என்று எதையும் இடம் சொல்லாமல் பரிந்துரைப்பது அறிவியலாகாது.

உழைக்காத முடிச்சுகள்

முடிச்சுக்குள் நுழைந்த எல்லா பாக்டீரியாவும் தழைச்சத்து தருவதில்லை. சில வகைகள் செடியின் உணவை எடுத்துக்கொண்டு மிகக் குறைவாகவே திருப்பித் தருகின்றன. செடி இதைப் பொறுத்துக்கொள்கிறதா? 2003இல் கியர்ஸ் முதலியோர் சோயா முடிச்சுகளைச் சுற்றிய காற்றில் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பிப் பார்த்தார்கள். நைட்ரஜன் இல்லாததால் நல்ல பாக்டீரியாவும் ஒன்றும் தர முடியவில்லை. அந்த முடிச்சுகளுக்கு ஆக்சிஜன் வரத்தைச் செடி குறைத்தது, உள்ளிருந்த பாக்டீரியாவின் பெருக்கம் குன்றியது. உழைக்காததைச் செடி தண்டிக்கிறது என்பது இதனால் உறுதியானது.

இந்தத் தண்டனையை மனிதர்கள் இடும் உரம் நீர்த்துப்போகச் செய்யலாம். அமெரிக்காவின் மிச்சிகனில் 22 ஆண்டுகள் தழைச்சத்து இட்டுவந்த நிலத்தின் ரைசோபியத்தையும், இடாத நிலத்தின் ரைசோபியத்தையும் எடுத்துக் குளோவர் செடியில் ஒப்பிட்டார்கள். உரம் இட்ட நிலத்திலிருந்து வந்தவை செடிக்குக் குறைவாகவே பயன் தந்தன. யூரியா அந்தப் பருவத்து முடிச்சை மட்டும் குறைப்பதில்லை, ஆண்டுக்கணக்கில் மண்ணின் ரைசோபியக் குணத்தையே கெடுக்கக்கூடும். 2015இல் வெளியான இந்த முடிவு கவலை தருவது. பயறுக்கும் தாராளமாக யூரியா இடுவோர் இதை அறிய வேண்டும்.

மரபணு இடமாற்றம் இன்னொரு சிக்கல். நியூசிலாந்தில் லோட்டஸ் பயிருக்கு ஒரே ஒரு வகையை இட்ட வயலில், ஏழு ஆண்டுக்குப்பின் முடிச்சுகளில் பலவகை பாக்டீரியாக்கள் காணப்பட்டன. இட்ட வகையிலிருந்து முடிச்சு உண்டாக்கும் மரபணுத் தொகுதி முழுவதும், ஏறத்தாழ ஐந்து லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் நீளமுள்ள துண்டாக, உள்ளூர் மண் பாக்டீரியாக்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பிசெருலா தீவனப் பயிருக்கும் இதுவே நடந்தது. அங்கு புதிதாக முடிச்சு கட்டக் கற்றவற்றில் சில, தழைச்சத்து தருவதில் மோசமாக இருந்தன. நாம் மண்ணில் இடுவது நாம் இட்டபடியே நிலைப்பதில்லை.

நெல் தரிசும் மானாவாரியும்

இவற்றையெல்லாம் காவிரிப் படுகையில் வைத்துப் பார்ப்போம். சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லிலேயே உளுந்தைத் தெளிக்கிறார்கள். உழவு இல்லை, அடியுரம் இல்லை, பெரும்பாலும் பாசனமும் இல்லை. எஞ்சிய ஈரமும் முடிச்சு தரும் தழைச்சத்துமே அந்தப் பயிரின் மூலதனம்.

அந்த மண்ணோ பல மாதம் நீர் தேங்கி, ஆக்சிஜன் இன்றிக் கிடந்தது. ரைசோபியத்துக்கும் மைக்கோரைசாவுக்கும் இது கடினமான காலம். ஐதராபாத் அருகே பட்டான்சேருவிலுள்ள இக்ரிசாட் நிறுவன ஆய்வாளர்கள், நெல் வயல்களில் கொண்டைக்கடலை ரைசோபியம் மிகக் குறைவாக இருப்பதை 1980களிலேயே கண்டார்கள். ஆகவே நெல் தரிசு உளுந்துதான் விதைநேர்த்திக்குப் பலன் எதிர்பார்க்க வேண்டிய முதல் இடம். துணை நுண்ணுயிர்களும் குறைந்திருக்கும் என்பதால் ரைசோபியத்தோடு பாஸ்போபாக்டீரியாவையும் சேர்ப்பது இங்கே பொருளுள்ளது.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து மானாவாரிச் செம்மண்ணில் நிலைமை நேர்மாறு. தட்டைப்பயறு, துவரை, நரிப்பயறு, கொளுஞ்சி என்று பயறுக் குடும்பச் செடிகள் அங்கே காலங்காலமாக வளர்கின்றன. இவற்றோடு பழகிய பிராடிரைசோபியமே தென்னமெரிக்காவிலிருந்து வந்த நிலக்கடலைக்கும் முடிச்சு கட்டுகிறது. முடிச்சு வருமா என்பது அங்கே கேள்வியல்ல. வருவது உழைக்கிறதா என்பதே கேள்வி.

பிரேசில் காட்டிய வழி

உலகில் உயிர் உரத்தைப் பெருமளவில் வெற்றிகரமாகப் பயன்படுத்தும் நாடு பிரேசில். மண் நுண்ணுயிரியலாளர் யோஹன்னா டோபரைனர் காலத்திலிருந்தே சோயாவைத் தழைச்சத்து உரமின்றி விளைவிப்பதைக் கொள்கையாகக் கொண்டார்கள். சோயா அந்நாட்டுப் பயிரல்ல, அதற்குரிய ரைசோபியமும் முதலில் மண்ணில் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்தவற்றில், செராடோ என்னும் அந்நாட்டுப் புல்வெளிப் பகுதி மண்ணில் தங்கிப் பழகிய பாக்டீரியாக்களை மீண்டும் பிரித்தெடுத்துத் தேர்வு செய்தார்கள். போட்டியில் தோற்காத வகை இப்படிக் கிடைத்தது.

மரியாஞ்சலா ஹுங்ரியாவின் குழு 2013இல் வெளியிட்ட வயல் சோதனைகளில், முன்பே ரைசோபியம் உள்ள மண்ணிலும் ஆண்டுதோறும் பிராடிரைசோபியம் இடுவது சோயா விளைச்சலை ஏறத்தாழ 8 விழுக்காடு கூட்டியது. கூடவே அசோஸ்பைரில்லத்தையும் விதைச்சாலில் இட்டபோது கூடுதல் ஏறத்தாழ 16 விழுக்காடு ஆயிற்று. இந்தப் பணிக்காக ஹுங்ரியாவுக்கு 2025ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ரைசோபியத்துக்குத் துணை சேர்த்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு வயல் அளவில் கிடைத்த தெளிவான விடை இது.

நாம் செய்ய வேண்டியவை

முதலில் வேரைப் பார்க்க வேண்டும். விதைத்த 30 முதல் 40 நாளுக்குள், பூக்கும் தருணத்தில் நாலைந்து இடத்தில் செடியை மண்ணோடு தோண்டி எடுக்க வேண்டும். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். வாளி நீரில் ஊறவிட்டு மெல்ல அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். இளஞ்சிவப்பு என்றால் உழைக்கிறது. வெள்ளை என்றால் உழைக்கவில்லை. பச்சையோ பழுப்போ ஆகியிருந்தால் வேலை முடிந்துவிட்டது. வேர்முடிச்சு நூற்புழு உண்டாக்கும் வீக்கத்தையும் நல்ல முடிச்சையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும். நூற்புழு வீக்கமோ வேரே பருத்ததாக இருக்கும், உதிராது.

இரண்டாவது, இடும் சரக்கு உயிரோடு இருக்க வேண்டும். கிராமுக்குக் குறைந்தது 5 கோடி ரைசோபியம் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. கோடை வெயிலில் தகரக் கூரைக் கடையில் வைத்திருந்தால் அந்த எண்ணிக்கை நிற்காது. பூசணக்கொல்லி நேர்த்தி செய்த விதைக்கு ஒரு நாள் இடைவெளி விட்டே உயிர் உரம் கலக்க வேண்டும்.

மூன்றாவது, துணை நுண்ணுயிர்களுக்கு உணவு வேண்டும். தொழு உரமும் பசுந்தாளும் தரும் கரிமச் சத்து இல்லாத மண்ணில் எந்தக் கூட்டமும் நிலைக்காது. உளுந்துக்கான பரிந்துரையில் தழைச்சத்தைப்போல் இரு மடங்கு மணிச்சத்து இருப்பதன் காரணமும் முடிச்சின் தேவைதான். அதை மாற்றி யூரியாவைக் கூட்டுவது முடிச்சை நாமே முடக்குவதாகும்.

நான்காவது கடமை ஆய்வு நிறுவனங்களுக்கும் அரசுக்கும் உரியது. மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலையும் சத்துகளும் இருக்கின்றன, ரைசோபியத்தின் எண்ணிக்கை இல்லை. மண்ணைப் படிப்படியாக நீர்த்து, முளைவிட்ட பயறில் ஊற்றி, எந்த அளவு வரை முடிச்சு வருகிறதென்று பார்த்து அதை மதிப்பிடும் முறை பழையது, எளியது. வட்டாரத்துக்குச் சில மாதிரி வயல்களிலாவது இதைச் செய்தால், எங்கே விதைநேர்த்தி கட்டாயம், எங்கே அது வீண் செலவு என்று சொல்ல முடியும். மாநிலம் முழுவதற்கும் ஒரே வகையைப் பரப்புவதைவிட, நெல் தரிசுக்கும் செம்மண் மானாவாரிக்கும் தனித்தனியாக, அந்தந்த மண்ணில் நிலைத்து நிற்கும் வகைகளை அவற்றின் துணைகளோடு சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹெல்ரீகல் ஊற்றிய மண் சாற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க அறிவியலுக்கு இரண்டே ஆண்டுகள் ஆயின. அதனோடு இருந்த மற்றவற்றின் பங்கை உணர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. இன்று அந்த அறிவு கையில் இருக்கிறது. குறைந்த முதலில் பயறு விளைவிக்கும் சிறு உழவருக்கு, பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பதோடு அவருடைய மண்ணில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லும் கடமை நமக்கு உண்டு. அதைச் சொல்லாத எந்த உயிர் உரத் திட்டமும் அரைகுறைத் திட்டமே.